மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர்

11-6-1984: ரூ. 7,140
12-10-2006: ரூ. 1,30,900
8-1-2007: ரூ. 150
2-5-2007: ரூ. 66
29-10-2007: ரூ. 83,300

முதல் தொகைக்குத் தெய்வசிகாமணி ஒரு நிலம் வாங்கினார். இரண்டாவது தொகையைக் கொடுத்து அந்த நிலத்தைத் தொழிற்சாலைக்காக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மூன்றாவது, அதே நிலத்தில் ஒரு பட்டாம்பூச்சியைத் தேடியதற்கு அவருக்குக் கிடைத்த நாள்கூலி. நான்காவது, தன்மேல் தானே புகார் எழுதி மூன்று இடங்களுக்கு அனுப்பிய பதிவுத் தபாலின் செலவு. ஐந்தாவது ஏன் இரண்டாவதைவிடக் குறைவாக இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நில அளவை அலுவலகத்தில் நான் ஆவண அறையில் இருந்தேன். தெய்வசிகாமணி வெளியே வெயிலில் இருந்தார். அவர் செயின்மேன். சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளுக்குள் போகிறவர். 1966 மார்ச் 14ஆம் தேதி சேர்ந்து 1999 மே 31ஆம் தேதி ஓய்வு பெற்றார். முப்பத்து மூன்று வருஷம், இரண்டு மாதம், பதினேழு நாள். சர்வேயர் கருவியில் கண் வைப்பார், குறிப்பேட்டில் எழுதுவார், கையெழுத்துப் போடுவார். செயின்மேன் புதரை வெட்டி, மண்ணுக்குள் புதைந்த எல்லைக் கல்லைக் கடப்பாரையால் தட்டிக் கண்டுபிடிப்பார். குறிப்பேட்டில் அவர் பெயர் வராது. என் அறையில் இருந்த பல்லாயிரம் புலப்படங்களில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை.

ஒரே ஒரு கோப்பில் இருக்கிறது. 1978இல் ஒரு பெரிய நிலக்காரர், தன் எல்லைக் கல்லைக் கிழக்கே ஒரு சாண் தள்ளி நட்டால் கன்றோடு ஒரு கறவைப் பசு தருவதாகச் சொன்னார். தெய்வசிகாமணி மறுத்தார். மறுநாள், செயின்மேன் தன் தோப்பில் தேங்காய் திருடியதாக நிலக்காரரிடமிருந்து புகார் வந்தது. விளக்கம் கேட்டு மெமோ போனது. அவர் எழுதிக் கொடுத்த விளக்கம் இரண்டே வரி: "தேங்காய் திருடவில்லை. கல்லையும் நகர்த்தவில்லை." இரண்டாவது வரி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கோப்பை முடித்து நான்தான் கட்டி வைத்தேன்.

அந்தப் பசுவை அவர் மனைவி பாக்கியலட்சுமி மறக்கவேயில்லை. முதலியார்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போனால் காப்பி கொடுக்கும்போதே ஆரம்பிப்பார்.

"பாக்கெட் பாலுதான் ஐயா. பசும்பால் குடுக்கணும்னு எனக்கும் ஆசதான். இவரு ஒரு சாண் நவுத்தியிருந்தா குடுத்திருப்பேன்."

தெய்வசிகாமணியின் அப்பா ஊரார் நிலத்தில் களை எடுத்தவர். மகன் ஊரார் நிலத்தை அளந்தார். 1984இல்தான் மேட்டுப்பாளையத்துக்கு மேற்கே நான்கு கிலோமீட்டரில் ஒரு துண்டு செம்மண் நிலம் அவர் பெயருக்கு வந்தது. சர்வே எண் 118/3. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போன எங்கள் ஊரில் ஆர், சென்டியார் என்ற அவர்களுடைய நிலக் கணக்கு இன்னும் இருக்கிறது. ஒரு ஆர் நூறு சதுர மீட்டர், ஒரு சென்டியார் ஒரு சதுர மீட்டர். விற்றவர் கொண்டுவந்த பத்திரத்தில் 23 ஆர் 90 சென்டியார் என்று இருந்தது. தெய்வசிகாமணி மூன்று முறை அளந்தார். பத்து சென்டியார் குறைந்தது. விலையைக் குறைக்கச் சொல்வார் என்று விற்றவர் பயந்தார். இவர் அளவைக் குறைத்து எழுதச் சொன்னார். வாங்குகிறவரே தன் நிலத்தைக் குறைத்துப் பதிவு செய்த பத்திரம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

மழைக்குப் பிறகு மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, அது எடுத்ததும் எள். மற்ற மாதங்களில் வெறும் தரை. வடக்கு ஓரம் முழுக்க இலந்தை. சனிக்கிழமை தோறும் கணவனும் மனைவியும் மொபெட்டில் போய் வருவார்கள். வருமானம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் முப்பத்து மூன்று வருஷம் மற்றவர்கள் எல்லையில் நின்றவருக்கு, தன் நான்கு கல்லுக்கு நடுவே நிற்க ஓர் இடம். அது சாகும்வரை இருந்தால் போதும் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

2006 அக்டோபர் 12ஆம் தேதி நோட்டீஸ் வந்தது. அந்தப் பக்கத்தில் அறுபத்தொரு பேரின் நிலத்தைச் சேர்த்து ஒரு கம்பெனியின் தொழிற்சாலை வரப்போகிறது. நவம்பர் 24ஆம் தேதி விசாரணை. ஆட்சேபம் சொன்னவர்கள் ஒன்பது பேர். தெய்வசிகாமணி எழுதிக் கொடுத்தது: "இந்தப் பகுதியில் பத்திரமும் தரையும் ஒன்றாக இருக்கும் நிலம் இது ஒன்றே. ஆகவே இதை விட்டுவிடக் கோருகிறேன்." ஏற்கத்தக்க காரணங்களின் பட்டியலில் இது இல்லை என்று பதில் வந்தது. அது உண்மைதான். பட்டியலை நானும் பார்த்தேன்.

பட்டியலில் பட்டாம்பூச்சியும் இல்லை. ஆனால் பல வருஷங்களுக்கு முன் யாரோ ஒருவர் அந்தச் செம்மண் காட்டில் அபூர்வமான ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்து எங்கோ எழுதி வைத்திருந்தார். அனுமதி கொடுப்பதற்கு முன் பூச்சி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என நிபுணர் குழுவிடமிருந்து ஒரு நிபந்தனை வந்தது. ஒன்பது பேர் சொல்லி நிற்காத காகிதம் ஒரு பூச்சிக்காக மூன்று மாதம் நின்றது.

பார்க்க வந்தவர் சிவசங்கரி. வயது இருபத்தேழு, விலங்கியல் படித்தவர், பூச்சிகளில் ஆராய்ச்சி. நிலங்களின் எல்லை தெரிந்த ஒருவர் கூட நடக்க வேண்டும், நாள்கூலி நூற்றைம்பது என்றதும் தெய்வசிகாமணி போய் நின்றார். அறுபத்தைந்து வயது. வேலை தெரியும் என்று காட்டக் கையில் சான்றிதழ் எதுவும் இல்லை. முள்ளுக்குள்ளே கையை விட்டுப் புதைந்த எல்லைக் கல் ஒன்றை எட்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துக் காட்டினார். வேலை கிடைத்தது.

2007 ஜனவரி 8ஆம் தேதி முதல் தினமும் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை நடந்தார்கள். சிவசங்கரி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நேர்கோட்டில் நடந்து, கண்ணில் பட்டதை எல்லாம் எழுதினார். நேர்கோடு என்று அவர்தான் சொன்னார். தெய்வசிகாமணிக்கு அதில் வருத்தம்.

"மேடம், நீங்க நடக்குறது நேரா இல்லீங்களே. ஒரு கயிறு கட்டிடட்டுமா?"

"அவ்வளவு வேணாம்ய்யா. பூச்சி என்ன நேராவா பறக்குது?"

"பூச்சி எப்படினா பறக்கட்டும். புக்குல ஏத்துறது நாம இல்லீங்களா?"

சிவசங்கரி சிரித்துவிட்டுக் கயிறு கட்ட விட்டார். அன்றிலிருந்து அந்தக் காட்டில் பட்டாம்பூச்சிகள் கயிறு பிடித்து எண்ணப்பட்டன.

தேடிய பூச்சி கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. மடித்த சிறகில் மஞ்சள் மேல் சிவப்பும் வெள்ளியுமாகக் கோடுகள். பின்னால் இரண்டு மெல்லிய வால். அது தனியாக வாழாது என்று சிவசங்கரி சொல்லிக் கொடுத்தார். அதன் புழுவை ஒரு வகைச் சின்னக் கறுப்பு எறும்பு காவல் காக்கும். புழுவின் முதுகில் ஊறும் இனிப்பை எறும்பு குடிக்கும். எறும்பு இல்லாத புதரில் புழு இருக்காது. ஆகவே எறும்பைத் தேட வேண்டும். தொட்டால் பின்பக்கத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்கும் எறும்பு. செடியில் சாணி உருண்டை மாதிரி கூடு கட்டும்.

"அந்தச் சனியனா?" என்றார் பாக்கியலட்சுமி, சனிக்கிழமை சோறு கொண்டுவந்தவர். "குண்டியத் தூக்கிக்கினு நிக்குமே. இருவது வருசமா என்னக் கடிக்குது மேடம். அத்தத் தேடவா காலேஜுல படிச்சீங்க?"

பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை, ஒன்பது நாற்பதுக்குக் கூடு கிடைத்தது. இலந்தைக் கிளையின் கவட்டில் ஒரு சாத்துக்குடி அளவுக்கு. பக்கத்துத் தளிர்களில் பதினொரு புழுக்கள். ஒவ்வொன்றின் மேலும் மூன்று நான்கு எறும்புகள். மேலே சிறகு உலர்த்திக்கொண்டு ஒரு பட்டாம்பூச்சியும் இருந்தது. சிவசங்கரிக்குக் கண் கலங்கிவிட்டது. தெய்வசிகாமணி பட்டாம்பூச்சியைப் பார்க்கவில்லை. எல்லைக் கல்லைப் பார்த்தார்.

"இப்ப என்னா மேடம் ஆகும்?"

"கூடு எந்த சர்வே நம்பர்ல இருக்கோ, அந்த நம்பர விட்டுடச் சொல்லி எழுதப்போறேன். அங்க ஒரு செங்கல்லுகூட வைக்க முடியாது."

அன்று சிவசங்கரியின் கையிலிருந்த ஜிபிஎஸ் கருவியில் பேட்டரி தீர்ந்திருந்தது. திங்கட்கிழமை வந்து இடத்தைக் குறித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் தெய்வசிகாமணி டேப்பை எடுத்தார். கூடு இருந்தது 118/2இல். அது தேவதாசின் நிலம். எல்லையிலிருந்து வடக்கே மூன்று மீட்டர் நாற்பது சென்டிமீட்டர். மறுபடி அளந்தார், மூன்று நாற்பது. சனிக்கிழமை காலையில் வந்து அளந்தபோதும் மூன்று நாற்பதுதான்.

தேவதாஸ் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டு, முன்பணம் வாங்கி, மினி வேன் எடுத்து ஓட்டிக்கொண்டிருந்தவர். நிலம் போகிறதே என்று அவருக்கு ஒரு சொட்டு வருத்தம் இல்லை. டேப்போடு நின்றவரைப் பார்த்து வேனை நிறுத்தினார்.

"என்னா அண்ணே, எறும்புக்கு சங்கிலி புடிக்கிறியா? பட்டா மாத்திக் குடுக்கப் போறியா?"

"உன் நெலத்துலதான்டா இருக்குது."

"இருந்துட்டுப் போவுது. வேணும்னா நீ எடுத்துக்க."

தேவதாஸ் கேலிக்குத்தான் சொன்னார். அன்று இரவு முழுக்கத் தெய்வசிகாமணி அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு இருவரும் போனார்கள். பாக்கியலட்சுமி நனைத்த சாக்கைப் பிடித்துக்கொண்டார். தெய்வசிகாமணி கத்தியால் கிளையைக் கூட்டோடு அறுத்தார். பிறகு நடந்ததைப் பாக்கியலட்சுமி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஒரு சாண் கல்லு நவுத்த மாட்டேன்னு பசு மாட்டையே விட்டவரு, இப்ப எறும்புக் கூட்டத் தூக்கிக்கினு ஓடுறாரு. என் பொழப்பப் பாரு."

"பேசாத பாக்கியம். சாக்கப் புடி."

"புடிச்சிக்கினுதான் இருக்குறேன். அது என்னப் புடிச்சிக்கினு இருக்குது."

கிளையைத் தன் பக்கத்து இலந்தையில் தேங்காய் நாரால் கட்டினார். எல்லைக்குத் தெற்கே ஒரு மீட்டர் பத்து. கட்டி முடித்துப் புழுக்களை எண்ணினார். ஒன்பது. வழியில் விழுந்த இரண்டைத் தேடி அரை மணி நேரம் குனிந்து நடந்தார். கிடைக்கவில்லை. இரண்டு கையும் முழங்கை வரை வீங்கிவிட்டது.

அவர் செய்த தப்பை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஆயிரத்துக்கு ஒன்று என்று பிழை வந்தால் மறுபடி அளக்க வேண்டும். சங்கிலி போய் இரும்பு டேப் வந்தபோது பிழை குறைந்தது. டேப்புக்குப் பிறகு வந்த கருவியில் இன்னும் குறைந்தது. புதிதாக வருவது எதுவும் முந்தியதைவிட நுட்பமாக இருக்கும் என்பது எங்கள் இருவரின் அனுபவம். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து அளக்கும் கருவி சென்டிமீட்டருக்குக் கீழே மில்லிமீட்டரையே காட்டிவிடும் என்று அவர் நம்பினார். மூன்று மீட்டர் நாற்பது அதன் கண்ணில் தப்பாது என்பதால்தான் கூட்டைத் தூக்கினார்.

திங்கட்கிழமை சிவசங்கரி வந்தார். கொஞ்ச நேரம் இரண்டு புதர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கயாய்யா இருந்துச்சு? நான் அந்தப் புதர்னு நெனச்சேன்."

தெய்வசிகாமணி முழுக்கைச் சட்டையின் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

சிவசங்கரி கருவியைக் கூட்டுக்கு மேலே நீட்டி நான்கு நிமிஷம் நின்று, எண்களை எழுதிக்கொண்டார். "இது எந்த சர்வே நம்பர்?"

"நூத்திப் பதினெட்டு பார் மூணு."

"உங்க நெலம்தானே? பரவால்லையே. அதிர்ஷ்டம்தான்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அந்த நேரத்தில் கூடு அந்த எண்ணில்தான் இருந்தது. தெய்வசிகாமணிக்கு இது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை என்று பிறகு சொன்னார்.

எறும்புகளுக்குப் பத்திரம் தெரியாது. அடுத்த சனிக்கிழமையே அவை வரிசை கட்டித் திரும்பிப் போகத் தொடங்கியிருந்தன. தேவதாசின் இலந்தையின் வேரில் அவற்றின் பெரிய கூடு இருந்திருக்க வேண்டும். அறுத்து எடுத்தது கிளைக் கூடுதான். தெய்வசிகாமணியின் புதரிலிருந்து இறங்கி, எல்லைக் கல்லின் தெற்கு முகத்தில் ஏறி, வடக்கு முகத்தில் இறங்கி, தங்கள் வெள்ளைப் புழுக்குஞ்சுகளை வாயில் கவ்வியபடி போய்க்கொண்டே இருந்தன. மார்ச் முதல் வாரத்தில் நாரில் கட்டிய கூடு காலியாக இருந்தது, பட்டாம்பூச்சிப் புழுக்களும் தேவதாசின் புதரில் இருந்தன. அப்போது சிவசங்கரியின் வேலை முடிந்து, குறிப்புகள் எல்லாம் அறிக்கையாகப் போய்விட்டன.

ஏப்ரல் 28ஆம் தேதி தெய்வசிகாமணி நிலத்துக்குப் போனபோது, தேவதாசின் இலந்தைப் புதருக்குப் பக்கத்தில் ஒரு கம்பி நட்டு அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. வெட்டப்போகும் மரங்களுக்குக் கம்பெனிக்காரர்கள் சிவப்புத் துணிதான் கட்டிவந்தார்கள். 30ஆம் தேதி மாலை என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஐயா, கடப்பாரை புடிச்ச கை இது. கல்ல நவுத்துனவன எல்லாம் பாத்து காறித் துப்பியிருக்கேன்."

"என்ன ஆச்சு?"

எல்லாவற்றையும் தேதியோடு சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

"புழு எல்லாம் இப்ப தேவதாசு பக்கம்தான் இருக்குது. என் நம்பர விட்டுட்டு அவன் நம்பர மெஷினு வச்சி வாரிடுவானுங்க. நான் சொன்ன எடத்துல ஒண்ணும் இருக்காது, இருந்த எடத்துல ஒண்ணும் மிஞ்சாது. ஒரு லெட்டர் எழுதணும்."

"எழுதினால் உங்கள் நிலம் போய்விடும்."

"தெரியும்ய்யா."

"வீட்டில் என்ன சொன்னார்கள்?"

"பசு மாட்டுக்கே வாய மூடல அவ. இத்தக் கேட்டுட்டு மூணு நாளா ஒண்ணும் சொல்லல. அதான் வந்தேன்."

கடிதம் ஒன்றரைப் பக்கம். கூடு முதலில் இருந்த இடம், எல்லைக் கல்லிலிருந்து தூரம், நகர்த்திய தேதி, நேரம், புழுக்களின் எண்ணிக்கை முன்பு பதினொன்று, பின்பு ஒன்பது. கடைசி வரியை அவரே சொன்னார்: "118/3க்கு உரிமை இல்லாத ஒன்றை அதில் கொண்டுவந்து வைத்தவன் நான்." மே 2ஆம் தேதி சிவசங்கரிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, நிபுணர் குழுவுக்கு ஒன்று அனுப்பினோம்.

மே 11, வெள்ளிக்கிழமை, சிவசங்கரி நேராக முதலியார்பேட்டைக்கே வந்துவிட்டார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போலீசோடு வருவார் என்று தெய்வசிகாமணி சவரம் செய்துகொண்டு வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர் பையிலிருந்து கடிதத்தை எடுத்து வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

"என்னய்யா இது?"

"நடந்தது மேடம்."

"அந்தக் கருவியில அஞ்சுலேர்ந்து பத்து மீட்டர் முன்ன பின்ன வரும்ய்யா. நீங்க நகர்த்தினது மொத்தம் நாலரை மீட்டர். அதுக்குத் தெரியவே தெரியாது."

தெய்வசிகாமணிக்குப் புரியவில்லை. நான் இரண்டாவது தடவை கேட்டேன். பத்து மீட்டர்தான் என்றார்.

"பத்து மீட்டரா?" என்றார் தெய்வசிகாமணி. "வானத்துலேந்து பாத்தா?"

"வானத்துலேந்து பாக்குறதாலதான்ய்யா. ரிப்போர்ட்ல சர்வே நம்பரே கடைசியில போடல. குழு வட்டமா கேட்டாங்க. நடுவுலேர்ந்து எல்லாப் பக்கமும் அம்பது மீட்டர். உங்க நெலமும் உள்ள வருது, தேவதாஸ் புதரும் உள்ள வருது. நீங்க தொடாம இருந்திருந்தாலும் வந்திருக்கும்."

"அப்ப அந்த செவப்புத் துணி?"

"அது வட்டத்தோட நடுப்புள்ளி. நான்தான் நட்டேன். கருவி காட்டின எடத்துல."

தன் பக்கம் ஒரு மீட்டர் பத்து உள்ளே வைத்த கூட்டை அந்தக் கருவி தன் பிழையாலேயே தேவதாஸ் பக்கம் திருப்பிக் கொண்டுபோய் நட்டிருந்தது. பிறகு தெய்வசிகாமணி அளந்து பார்த்தார். கம்பி எல்லைக்கு வடக்கே இரண்டு மீட்டர் தொண்ணூறு. கூடு முதலில் இருந்த இடத்துக்கு அரை மீட்டர் குறைவு.

பாக்கியலட்சுமி கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நெலம் போவாதா மேடம்?"

"வட்டத்துக்குள்ள ஃபாக்டரி வராதும்மா."

"அப்புறம் இன்னாத்துக்கு இவரு மூணு நாளா சோறு திங்கல?" பாக்கியலட்சுமி உள்ளே போனார். ரசம் கொதிக்கும் வாசனை வந்தது.

நிலம் பிழைத்துவிட்டது. ஆனால் தெய்வசிகாமணி முகம் தெளியவில்லை. பேருந்து நிறுத்தம் வரை என்னோடு வந்தார்.

"ஐயா, வாழ்க்கையில ஒரே ஒரு தப்பு பண்ணேன். அது ஒரு கணக்குலயே வராதாம்."

ஐந்தாவது தொகைக்கு வருகிறேன். அக்டோபர் 29ஆம் தேதி கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். ஐம்பது மீட்டர் வட்டத்துக்குள் தொழிற்சாலை கட்டப்படாது. அதைக் கம்பெனி தன் பொறுப்பில் பாதுகாக்கும். பாதுகாப்பதற்காக அதற்குள் வரும் நிலங்கள் கையகப்படுத்தப்படும். உள்ளே உழுவது, மேய்ப்பது, நுழைவது தடை செய்யப்படுகிறது. 118/3 முழுவதும் வட்டத்துக்குள் இருக்கிறது. தொழில் பயன்பாடு இல்லாத நிலம் என்பதால் விலை ஆருக்கு ஐயாயிரத்து ஐந்நூறு இல்லை, மூவாயிரத்து ஐந்நூறு. பட்டாம்பூச்சி இருக்கும் நிலத்துக்குப் பட்டாம்பூச்சி இல்லாத நிலத்தைவிட மதிப்பு குறைவு.

2008 ஜனவரி 21ஆம் தேதி வேலி போட்டார்கள். உள்ளே காவலுக்கு ஆள் வேண்டும் என்றபோது தேவதாசை எடுத்துக்கொண்டார்கள். வேன் ஓட்டம் சரியில்லாமல் அவர் சும்மா இருந்த நேரம். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, தன் பழைய நிலத்துக்கும் தெய்வசிகாமணியின் பழைய நிலத்துக்கும் சேர்த்து அவர் காவலானார்.

"வா அண்ணே. வெளியவே நில்லு, உள்ள வரக் கூடாது. எழுதிப் போட்டிருக்காங்க."

"மூணு மாசமா களை எடுக்காம கெடக்குதேடா."

"களையும் இப்ப சர்க்காரு சொத்து மாதிரிதான் அண்ணே. பறிச்சா கேஸு."

தெய்வசிகாமணி சனிக்கிழமைகளை நிறுத்தவில்லை. வேலிக்கு வெளியே நின்று எண்ணினார். சிவசங்கரி கற்றுக்கொடுத்தபடி நாள், நேரம், வெயில், எண்ணிக்கை. 2008 பிப்ரவரியில் ஏழு பட்டாம்பூச்சிகள். ஆகஸ்டில் இரண்டு. ஆடு கடிக்காமல் வேலிக்குள் இலந்தை முற்றிப் போய்விட்டது. புழு முற்றிய இலையைத் தின்னாது, தளிர்தான் வேண்டும். மல்லாட்டை எடுக்கும்போது பாக்கியலட்சுமி கடி வாங்கிக்கொண்டே ஓரத்துப் புதரை வெட்டி வெட்டி விட்டதில்தான் இருபது வருஷமாகத் தளிர் வந்துகொண்டிருந்தது. இதைச் சிவசங்கரி ஒரு காகிதத்தில் எழுதிக் குழுவுக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

அந்த வருஷக் கடைசியில் உலகம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டதாகச் சொல்லிக் கம்பெனி பின்வாங்கியது. தொழிற்சாலை வராது. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டினால் நிலத்தை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். கட்டியவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கட்டாதவர்களின் நிலத்திலும் ஊர் ஆடுகள் பழையபடி மேய்ந்தன. தெய்வசிகாமணி எண்பத்து மூவாயிரத்து முந்நூறையும் அப்படியே வங்கியில் வைத்திருந்தார். காசோலை எழுதிக் கொண்டுபோனார். வட்டம் தொழிற்சாலைக்காக எடுக்கப்பட்டதல்ல, பூச்சிக்காக எடுக்கப்பட்டது, ஆகவே அறிவிப்பு அதற்குப் பொருந்தாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

2009 ஜனவரி 17, சனிக்கிழமை. சிவசங்கரியும் கூட வந்திருந்தார். வேலிக்குள் ஒரு பட்டாம்பூச்சியும் இல்லை. தேவதாசே கதவைத் திறந்து உள்ளே விட்டு, அவரும் சேர்ந்து தேடினார். எறும்பும் இல்லை, கூடும் இல்லை. பதினொன்றரைக்கு ஆட்டு மந்தைக்குப் பின்னால் போன தெய்வசிகாமணி குரல் கொடுத்தார். வெளியே, ஆடு கடித்துக் கடித்துத் தளிர்த்திருந்த ஓர் இலந்தைக் குத்தில் புதுக் கூடு. நான்கு புழு. இந்த முறை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை, எறும்புகளே போயிருந்தன. வேலியிலிருந்து அறுபத்தொரு மீட்டர் இருபது.

அன்று மாலையே என் வீட்டில் நிபுணர் குழுவுக்குக் கடைசி மனு எழுதினோம். பூச்சி இப்போது வட்டத்தில் இல்லை. இருக்கும் இடம் இது, அளவு இது. இல்லாத பூச்சிக்காக எடுத்த 23 ஆர் 80 சென்டியாரைப் பணத்தைப் பெற்றுக்கொண்டு திருப்பித் தர வேண்டும். தந்தால் இலந்தையை வருஷத்துக்கு இரண்டு முறை வெட்டித் தளிர்க்க விடுவதாகவும், எறும்புக்கு மருந்து அடிப்பதில்லை என்றும் எழுதிக் கொடுக்கத் தயார். சிவசங்கரி தன் கணக்கையும் படங்களையும் இணைத்தார்.

பதிலில் இரண்டே பத்தி. மனுவும் இணைப்புகளும் பரிசீலிக்கப்பட்டன. பூச்சிகள் இடம் மாறுவதைக் காரணமாகக் கொண்டு, முறைப்படி அளந்து நிர்ணயித்த எல்லையை மாற்ற இயலாது. 118/3 பாதுகாக்கப்பட்ட பகுதியாகவே தொடரும். இத்துடன் இந்தக் கடிதப் போக்குவரத்து முடித்துக்கொள்ளப்படுகிறது.

தெய்வசிகாமணி அதை இரண்டு தடவை படித்தார். "நானா இருந்தாலும் இதத்தான் எழுதியிருப்பேன்" என்றார்.

பாக்கியலட்சுமி கேட்டார்: "என்னாவாம்?"

"எல்லைய மாத்த முடியாதாம்."

"நமக்குத்தான் இல்ல, பூச்சிக்காவது பட்டா கெடைச்சிதே. அது எங்க போச்சோ, யாரு போயி அதுங்கிட்ட குடுக்குறது?"

கடிதம் வந்த தேதி 2009 பிப்ரவரி 23, திங்கட்கிழமை.